கேர் பிளான் முழுக்க சாட்ஜிபிடி எழுதித் தருகிறது, டியூட்டர்கள் என்ன செய்கிறீர்கள்?

மெட்சர்ஜ்_டியூட்டர்:

மாணவிகள் கேர் பிளான் (நோயாளிக்கு என்ன பராமரிப்பு வேண்டும் என்ற திட்டம்) எழுதுகிற கேஸ் புக்கைத் திருத்துவதே வீண் வேலையோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். தென் மாவட்டம் ஒன்றில் தனியார் நர்சிங் கல்லூரி, பிஎஸ்சி இரண்டாம் வருடத்துக்கு மெடிக்கல் சர்ஜிக்கல் எடுக்கிறேன், போஸ்டிங் அரசு மருத்துவமனையில். முன்பெல்லாம் சீனியர் அக்காவின் புத்தகத்தைப் பார்த்து எழுதுவார்கள், எழுத்துப்பிழைகூட அப்படியே வரும், பிடித்துவிடலாம். இப்போது பிழையே இல்லாமல் வருகிறது. எட்டுப் பேருக்கு எட்டு நோயாளி பிரித்துக் கொடுத்தேன்: ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ், சர்க்கரைப் புண்ணுக்கு விரல் எடுத்தவர் என்று. எட்டு கேர் பிளானிலும் வலி பத்துக்கு 8-லிருந்து 3-க்கு இறங்கியிருக்கிறது. ஹெர்னியாக்காரருக்கு ஸ்பைனல் போட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தார், அவருக்கும் 8.

இன்டர்வென்ஷன் பகுதி இன்னும் வேடிக்கை. 'படுக்கையின் தலைப்பகுதியை 30 டிகிரி உயர்த்தவும்' என்று இருக்கிறது. அந்த வார்டில் கிடப்பது திருகுகிற கைப்பிடி எப்போதோ போய்விட்ட இரும்புக் கட்டில், நாங்கள் தலையணையை மடித்து வைப்போம், அதுவும் இல்லையென்றால் கூட இருப்பவர் கொண்டுவந்த போர்வை மூட்டை. 'பிசிஏ பம்ப் பயன்படுத்தும் முறையை நோயாளிக்குக் கற்பிக்கவும்.' நோயாளியே பொத்தானை அழுத்தி வலி மருந்து ஏற்றிக்கொள்கிற அந்த பம்ப் எங்கே இருக்கிறது? 'டிஸ்சார்ஜுக்கு முன் கேஸ் மேனேஜருடன் கலந்தாலோசிக்கவும்.' வெளிநாட்டு மருத்துவமனைகளில் டிஸ்சார்ஜை ஒருங்கிணைக்கிறவர் அவர். யார் அது என்று, எழுதிய பிள்ளையிடம் கேட்டேன், "ஹவுஸ் சர்ஜனா மேடம்?" என்றாள்.

பிரின்சிபால் மேடம் ஒரேயடியாகத் தடை என்கிறார். ஹாஸ்டலில் இரவு பத்து மணிக்கு யார் போனைப் பிடுங்குவது? 2021-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் இன்ஃபர்மேடிக்ஸ் என்று ஒரு பாடமே இருக்கிறது, எங்கள் கல்லூரியில் அதை எடுப்பவர் இன்னும் எக்செல்லோடு நிற்கிறார். எனக்கு இதைத் தடுக்க ஆசையில்லை. பிள்ளைகளுக்கு இது எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்று சொல்லித்தர வேண்டும், அதற்கு எனக்கு முதலில் தெரிய வேண்டும். வார்டிலோ வகுப்பிலோ உண்மையாகவே பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். 'ஏஐ வரமா சாபமா' பட்டிமன்றம் வேண்டாம்.


ஐசியூ_கோவை:

மேடம், நான் ஐசியூ ஸ்டாஃப், புதிதாக ஜாயின் பண்ணுகிறவர்களுக்கு ஓரியண்டேஷன் கொடுப்பது என் வேலை. கேர் பிளானை விடுங்கள், அது தாளில் கிடக்கும். எனக்குப் பயம் டோஸ் கணக்கில்தான்.

ஒரு உதாரணம். 50 மி.லி. சலைனில் 50 யூனிட் ரெகுலர் இன்சுலின் போட்டு சிரிஞ்ச் பம்பில் ஓட்ட வேண்டும், எத்தனை மி.லி. இழுக்க வேண்டும் என்று சாட்பாட்டைக் கேளுங்கள். பெரும்பாலும் 0.5 மி.லி. என்று சொல்லும், ஏனென்றால் அது படித்த அமெரிக்கப் பக்கங்களில் எல்லாம் 1 மி.லி.யில் 100 யூனிட். நம் ஊரில் கையில் வருகிற வயல் பெரும்பாலும் 40 யூனிட்தான், 10 மி.லி. வயலில் மொத்தம் 400. நமக்குச் சரியான பதில் 1.25 மி.லி. 0.5 மி.லி. இழுத்தால் சிரிஞ்சில் போவது வெறும் 20 யூனிட். சுகர் 450-ல் நிற்கும், ஏன் இறங்கவில்லை என்று டியூட்டி டாக்டர் ரேட்டை ஏற்றுவார், அடுத்த ஷிப்டில் ஒருத்தர் சரியாகக் கரைத்த புது சிரிஞ்சை அதே ரேட்டில் மாட்டுவார், அப்புறம் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். மறுபக்கமும் உண்டு: 100 யூனிட் கார்ட்ரிஜிலிருந்து 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும்.

டிரிப் கணக்கும் இதே கதை. 500 மி.லி., 4 மணி நேரம். நம் செட்டில் 1 மி.லி.க்கு 20 சொட்டு, அதனால் நிமிடத்துக்கு 42. சாட்பாட் 15 சொட்டு செட் என்று தானாக நினைத்துக்கொண்டு 31 என்று சொன்னால் அந்த பாட்டில் முடிய 5 மணி நேரத்துக்கு மேலாகும். கூட்டல் பெருக்கலில் அது இப்போது அதிகம் தடுமாறுவதில்லை. கேட்காமலே எடுத்துக்கொள்கிற அந்த முதல் எண்தான் தப்பாகிறது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் புதுப்பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

அதற்காக நான் ஒதுக்கிவிடவில்லை. தலைகீழாகப் பயன்படுத்துகிறேன். 'நான் தமிழ்நாட்டில் ஐசியூ நர்ஸ். இன்சுலின் வயல் 40 யூனிட், ஐவி செட் 20 சொட்டு, மைக்ரோ செட் 60 சொட்டு, பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூல் 15 சதவீதம், 10 மி.லி.யில் 20 மில்லி ஈக்விவலெண்ட். இதை வைத்து எனக்குக் கணக்கு ஒவ்வொன்றாகக் கொடு. விடை சொல்லாதே. நான் தப்பாகச் சொன்னால் எந்த அடியில் தப்பினேன் என்று மட்டும் சொல்.' இப்படி ஆரம்பித்தால் அருமையாக வேலை செய்கிறது, சலிக்காமல் கணக்கு கொடுக்கிறது, என்னால் நைட் டியூட்டியில் அத்தனை கணக்கு உட்கார்ந்து எழுத முடியாது. முன்கூட்டியே வயல் லேபிளைப் படித்து அந்த எண்களை டைப் பண்ணச் சொல்வதே பாதிப் பாடம். உண்மையான நோயாளிக்கான டோஸை அதில் போட்டுப் பார்ப்பது மட்டும் என் யூனிட்டில் கிடையாது, அதற்கு இரண்டாவது ஸ்டாஃப் கையெழுத்து இருக்கிறது.


பழைய_மேட்ரன்:

என்னைத் திட்டினாலும் சரி, சொல்லிவிடுகிறேன். நர்சிங் கண்ணாலும் கையாலும் கற்கிற தொழில். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் எந்தக் கட்டிலில் இருப்பவர் நேற்று மாதிரி இல்லை என்று தெரிய வேண்டும், பிபி எடுப்பதற்கு முன்னால். உதடு வறண்டிருக்கிறதா, யூரின் பை நிறம் மாறியிருக்கிறதா, எப்போதும் சண்டை போடுகிற தாத்தா இன்றைக்கு ஏன் சும்மா கிடக்கிறார். இதைக் கவனிக்கிற வயதில் பிள்ளைகளை போனில் கேள்வி கேட்கப் பழக்கினால் போனுக்குச் சொல்ல என்ன இருக்கும் அவர்களிடம்? கேர் பிளான் எழுதுகிற முறையை நாம் வைத்ததே நோயாளி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வைக்கத்தான். முதல் இரண்டு வருடம் கண்டிப்பாகக் கூடாது என்பது என் கருத்து.


லேபர்வார்டு_அக்கா:

மேட்ரன் அம்மா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மீதிப் பாதிக்கு வருகிறேன்.

நான் ஓபிஜி (மகப்பேறு) எடுக்கிறேன், லேபர் வார்டிலும் இருந்திருக்கிறேன். கர்ப்பத்தில் பிபி ஏறி ஃபிட்ஸ் (வலிப்பு) வருகிற எக்லாம்ப்சியாவை எத்தனை மாணவி நேரில் பார்க்கிறாள்? போஸ்டிங்கில் ஒன்று வந்தாலே அதிசயம், வந்தாலும் அந்த நேரத்தில் அவளை ஓரமாகத் தள்ளிவிடுவோம். கண்ணால் பார்த்தே கற்க வேண்டும் என்றால் அந்த ஃபிட்ஸ் முதல் தடவை வருவது அவள் தனியாக நைட் டியூட்டி பார்க்கிற ஏதாவது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான். அதற்குத்தான் நான் சாட்பாட்டை எடுத்தேன். 34 வாரம், முதல் பிரசவம், தலைவலி என்று வந்திருக்கிற பெண்ணாக நடி, நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே என்று கட்டளை கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் பிபி 170/110, ஆல்புமின் மூன்று பிளஸ், கண் மங்கல், மேல் வயிற்று வலி எல்லாவற்றையும் முதல் பதிலிலேயே கொட்டிவிடும், பிள்ளை யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. வகுப்பில் புரொஜெக்டரில் போட்டு, ஒரு கேள்விக்கு ஒரு மாணவி என்று சுற்றி வருவேன். கண் மங்கலாகத் தெரிகிறதா என்று யாருமே கேட்காமல் போய், அந்தப் 'பெண்ணுக்கு' ஃபிட்ஸ் வந்த நாளில் வகுப்பே அமைதியானது. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் விடுவதில்லை.

சிகிச்சைப் பகுதிக்கு வந்தால் உஷாராக இருக்க வேண்டும். ஃபிட்ஸுக்கான மேக்சல்ஃப் (மெக்னீசியம் சல்ஃபேட்) எப்படிக் கொடுப்பது என்றால் 4 முதல் 6 கிராம் ஐவி, அப்புறம் மணிக்கு 1 அல்லது 2 கிராம் இன்ஃபியூஷன் பம்பில் என்று சொல்கிறது. தப்பில்லை, அமெரிக்காவில் அப்படித்தான். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பம்ப் கிடையாது, அங்கே முதல் டோஸ் 10 கிராம் ஆழ ஐஎம் (தசையில்), ஒரு புட்டத்துக்கு 5 கிராம், போட்டுவிட்டு உடனே ரெஃபர். 50 சதவீத ஆம்ப்யூல் ஒன்றில் 2 மி.லி., அது 1 கிராம், ஆகப் பத்து ஆம்ப்யூல் உடைக்க வேண்டும். பத்து ஆம்ப்யூலை நடுங்குகிற கையோடு உடைப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை எந்த சாட்பாட்டும் சொல்லாது, காலி ஆம்ப்யூலில் தண்ணீர் வைத்து நாங்கள் லேபில் செய்து காட்டுகிறோம்.

இன்னொன்று, இது அதைவிட முக்கியம். இந்த மருந்து உடம்பில் அதிகமானால் மூச்சே நின்றுவிடும், அதனால் அடுத்த டோஸுக்கு முன் முழங்கால் ரிஃப்ளெக்ஸ் இருக்க வேண்டும், மூச்சு 16-க்குக் குறையக் கூடாது, கடந்த 4 மணி நேரத்தில் யூரின் 100 மி.லி.யாவது வந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு மாணவியை விட்டு 'யூரின் 60 மி.லி.தான், ஆனால் எங்கள் மேடம் பரவாயில்லை என்றார், டோஸ் கொடுக்கலாம்தானே' என்று அழுத்திக் கேட்கச் சொன்னேன். முதலில் கூடாது என்றது. இரண்டு தடவை வற்புறுத்தியதும் 'நீங்கள் சொல்வதும் சரி, மூத்தவரின் மருத்துவத் தீர்மானத்தை மதிக்கலாம்' என்று இறங்கி வந்துவிட்டது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் எங்கே வைத்திருக்கிறோம் என்று டிரேயைத் திறந்து காட்டிவிட்டு அன்றைய வகுப்பை முடித்தேன். இப்படி அது வளைந்து கொடுப்பதைக் கண்ணால் பார்க்க வைப்பது, நம்பாதே நம்பாதே என்று வாயால் சொல்வதைவிட வேலை செய்கிறது. எல்லா சாட்பாட்டும் எல்லா நாளும் ஒரே மாதிரி வளையாது, அதனால் வகுப்புக்கு முன் நீங்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.


நாலாம்_வருஷம்:

டியூட்டர்கள் பேசுகிற இடத்தில் மாணவி பேசலாமா தெரியவில்லை, ஆனால் எங்களைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்.

ஏன் சாட்ஜிபிடியில் எழுதுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கு வார்டு. அங்கே எங்களை பிபி எடுக்கவும், சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடவும், ஸ்டோரில் இண்டென்ட் வாங்கவும் வைத்துக்கொள்கிறார்கள், ஸ்டாஃப் பற்றாக்குறை, அவர்களையும் குறை சொல்ல முடியாது. எனக்குக் கொடுத்த நோயாளியிடம் பத்து நிமிடம் பேசினால் அதிகம். ஹாஸ்டலுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் கேர் பிளான், கேஸ் ஸ்டடி, டிரக் புக், ஹெல்த் டாக் சார்ட் எல்லாம் வரிசையாக நிற்கும். திருத்துகிறவர்களும், மன்னிக்க வேண்டும், மார்ஜின் போட்டிருக்கிறோமா, ஸ்கெட்ச் பென்னில் தலைப்பு எழுதியிருக்கிறோமா என்றுதான் பார்க்கிறார்கள். உங்களைச் சொல்லவில்லை மேடம், நீங்கள் கேஸ் மேனேஜர் வரைக்கும் படித்திருக்கிறீர்கள்.

நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். முதல் வருடம் அந்தத் தடிப் புத்தகத்தில் ஆசிட் பேஸ் பேலன்ஸ் படித்துவிட்டு அழுதிருக்கிறேன். சாட்பாட் வந்தபிறகு 'பிஹெச் 7.25, கார்பன் டை ஆக்சைடு 60, பைகார்ப் 26, இது என்ன, ஏன், தமிழில் சொல்லு, கலைச்சொல்லை மட்டும் இங்கிலீஷிலேயே விடு' என்று கேட்டேன். பிஹெச் 7.35-க்குக் கீழே, அதனால் ஆசிட். கார்பன் டை ஆக்சைடு 45-ஐத் தாண்டியிருக்கிறது, பைகார்ப் சாதாரணமாகத்தான் இருக்கிறது, அப்படியென்றால் கோளாறு மூச்சில், கிட்னி இன்னும் ஈடுகட்ட ஆரம்பிக்கவில்லை என்று அடி அடியாக எடுத்துச் சொன்னது. ஒரே சந்தேகத்தை நான்கு தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. வகுப்பில் அறுபது பேர் முன்னால் நான்கு தடவை கேட்க முடியுமா? சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளியின் ரிப்போர்ட்டை மறுநாள் வார்டில் நானே படித்தேன், ஸ்டாஃப் அக்காவிடம் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. இந்த உதவியையும் சேர்த்துத் தடை செய்வேன் என்றால் நஷ்டம் எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்குத்தான். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் எப்படியும் சமாளிப்பார்கள்.

ஒரு யோசனை. கேர் பிளானை எங்களை எழுதச் சொல்லாதீர்கள். நீங்களே சாட்பாட்டிடம் வாங்கி பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுங்கள். சிவப்புப் பேனாவோடு நோயாளி பக்கத்தில் நின்று எந்த வரி இவருக்குப் பொருந்தாது, எது இந்த வார்டில் நடக்காது, எது விட்டுப்போயிருக்கிறது என்று அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். திருத்த வேண்டுமென்றால் நோயாளியைப் பார்த்தே ஆக வேண்டும், மேட்ரன் மேடம் கேட்டதும் அதுதானே.


லீட்ஸ்_நர்ஸ்:

நான்காம் வருடத் தங்கச்சி சொன்ன யோசனைக்கு என் ஓட்டு.

நான் நாகர்கோவில் பக்கம், இப்போது இங்கிலாந்தில் வார்டு நர்ஸ். இங்கே வருவதற்கு சிபிடி என்ற கணினித் தேர்வு எழுதி, அப்புறம் ஆஸ்கி என்று பத்து ஸ்டேஷன் செய்முறைத் தேர்வு. ஆஸ்கிக்கு நோயாளியிடம் பேசுவதற்கே தனியாக மார்க், நம்மூர்ப் பழக்கத்தில் 'கையை நீட்டுங்க' என்று ஊசி போட்டால் போச்சு, பெயர், பிறந்த தேதி, அலர்ஜி, சம்மதம் எல்லாம் வாயால் கேட்க வேண்டும். இங்கே இப்போது தேர்வுக்குத் தயாராகிற நம் பிள்ளைகள் சாட்பாட்டின் வாய்ஸ் வசதியில் நோயாளியாகப் பேச வைத்துப் பழகுகிறார்கள். கோபமான நோயாளி, காது கேட்காத பாட்டி, வலியில் பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறவர் என்று சொல்லிச் சொல்லி வாங்கலாம். சும்மா விட்டால் மிகவும் மரியாதையான நோயாளியாக வரும், அப்படி ஒருவரை நான் இன்னும் வார்டில் பார்த்ததில்லை. அமெரிக்கா போகிறவர்களுக்கும் இந்த வழி ஒத்துவரும், 2023 ஏப்ரலிலிருந்து என்க்ளெக்ஸ் என்ற அந்த நாட்டு நர்ஸ் லைசென்ஸ் தேர்விலும் ஒரே நோயாளியை வைத்துத் தொடர்ந்து ஆறு கேள்வி வருகிற கேஸ் ஸ்டடிகள் உண்டு.

எந்த நாட்டுத் தேர்வு என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சுகர் அளவு இங்கே மில்லிமோல், 4-க்குக் கீழே போனால் லோ சுகர். அதை 18-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கில் 72. எந்த அளவில் பேசுகிறோம் என்று தெளிவில்லாமல் படித்த பிள்ளை தேர்வில் குழம்பும், வார்டில் குழம்பினால் அதைவிட மோசம்.

நான் எழுத வந்தது வேறு விஷயம், இதுவரை யாரும் தொடவில்லை. கேஸ் ஷீட்டை போட்டோ எடுத்து சாட்பாட்டில் ஏற்றி 'இதற்கு கேர் பிளான் போடு' என்று கேட்கிற பழக்கம் பரவிவிட்டது, ஊரில் இருக்கிற என் சொந்தக்காரப் பெண்ணே செய்கிறாள். அந்த போட்டோவின் மேல் மூலையைப் பாருங்கள்: நோயாளி பெயர், கணவர் பெயர், ஊர், ஐபி நம்பர், பல இடங்களில் போன் நம்பரும். எச்ஐவி ரிசல்ட் உள்ள தாளையும் இப்படி ஏற்றினால்? இங்கே நான் வேலை செய்யும் இடத்தில் நோயாளி விவரத்தைப் பொது சாட்பாட்டில் போட்டால் வேலையே போகலாம். இந்தியாவிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், நோயாளி ரகசியம் என்று முதல் வருடத்தில் நாம் உறுதிமொழி எடுத்தோமே. வயது, ஆணா பெண்ணா, நோய், இரண்டு மூன்று ரீடிங், இவ்வளவு டைப் பண்ணினால் போதும், கேர் பிளானுக்குப் பெயர் எதற்கு? போட்டோ மட்டும் வேண்டவே வேண்டாம்.


கைடு_மேடம்:

எம்எஸ்சி தீசிஸ் கைடாக ஒரு சின்னக் குறிப்பு. ரெஃபரன்ஸ் மட்டும் இதனிடம் கேட்க விடாதீர்கள். ஆசிரியர் பெயர், இதழ், வருடம், பக்க எண், டிஓஐ (கட்டுரையின் இணைய அடையாள எண்) எல்லாம் பார்க்கக் கச்சிதமாக இருக்கும், இதழும் உண்மையாகவே இருக்கும், கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. சில சமயம் டிஓஐ திறக்கும், திறந்தால் மாட்டுப் பண்ணை பற்றிய கட்டுரை. இணையத்தில் தேடிப் பதில் சொல்கிற புதிய வகைகளில் இது குறைந்திருக்கிறது, ஆனால் அங்கே வேறு தொல்லை, கட்டுரை இருக்கும், அது சொன்னதாகச் சொல்கிற முடிவு அதில் இருக்காது. நான் வைத்திருக்கிற விதி இது: பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தேடி அப்ஸ்ட்ராக்டை (சுருக்கத்தை) எனக்குத் திறந்து காட்ட வேண்டும், காட்ட முடியாத ரெஃபரன்ஸை அடித்துவிடுவேன். தேடல் சொற்களை யோசிக்க, ஆங்கிலத்தைச் சீர்படுத்த தாராளமாகப் பயன்படுத்தட்டும்.


கிராம_செவிலியர்:

எல்லோரும் மருத்துவமனைக்குள்ளேயே நிற்கிறீர்கள், கம்யூனிட்டி போஸ்டிங்குக்கு வருகிற பிள்ளைகள் செய்கிற கூத்தையும் கேளுங்கள்.

தடுப்பூசி அட்டவணை சார்ட் போட்டுக்கொண்டு வந்தார்கள், அழகான கலர். 2 மாதம், 4 மாதம், 6 மாதம், எம்எம்ஆர் 12 மாதம். அங்கன்வாடியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பள்ளிக்கூடம் முடிக்காதவர், தன் பிள்ளையின் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு "எங்களுக்கு ஒன்றரை மாசத்துல போட்டாங்களே சிஸ்டர்" என்றார். ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடுகிற பென்டாவேலன்ட் நமக்கு 6, 10, 14 வாரம், தட்டம்மை ரூபெல்லாவுக்கான எம்ஆர் முதல் டோஸ் 9 மாதம் முடிந்ததும். ஊசி போடும் போலியோ மருந்து முன்பு இரண்டு தவணை, 2023-லிருந்து 9 மாதத்தில் மூன்றாவதும் உண்டு. பிள்ளைகள் சாட்பாட்டிடம் எந்த நாடு என்று சொல்லாமல் கேட்டிருக்கிறார்கள், அது அமெரிக்க அட்டவணையைக் கொடுத்திருக்கிறது. தாய் சேய் நல அட்டை அங்கேயே கிடக்கிறது, அதைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

சர்க்கரை நோயாளிக்கு ஹெல்த் டாக் என்றால் ஓட்ஸ், கினோவா, அவகாடோ, கிரில் செய்த சால்மன். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ரேஷன் அரிசி சாப்பிடுகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். அதே சாட்பாட்டிடம் 'வயது 60, மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர், காலையில் கம்பங்கூழ், மதியம் ரேஷன் அரிசிச் சோறு, வெயிலில் வேலை, வெறுங்காலில் நடப்பவர், இவருக்கு ஐந்து நிமிடத்தில் என்ன சொல்வாய்' என்று நானே கேட்டுப் பார்த்தேன். சோற்றின் அளவைக் குறைத்துக் கீரையும் பயறும் கூட்டச் சொன்னது, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே என்றது, படபடவென்று வியர்த்து வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னது, ராத்திரி பாதத்தைப் பார், இடுக்கில் விரல் விட்டுப் பார் என்றது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கேட்கிறவருக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போகாத பிள்ளைக்கு இந்தக் கேள்வியையே கேட்கத் தெரியாது.

நோயாளி கையிலேயே சாட்பாட்டைக் கொடுத்துவிடலாம் என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். அமெரிக்காவில் உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவுகிற அமைப்பு ஒன்று 'டெஸ்ஸா' என்று ஒன்றை வைத்திருந்தது. சாப்பிடவே பயப்படுகிறவர்களிடம் போய் எடை குறைக்க யோசனை சொன்னது, 2023-இல் அதை நிறுத்தினார்கள். மேலே கோவை சிஸ்டர் சொன்ன 40 யூனிட் விஷயத்தை வீட்டில் ஊசி போட்டுக்கொள்கிற பாட்டி எப்படிக் கண்டுபிடிப்பார்? நாம் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னதுதான் அவர்களிடம் போக வேண்டும்.


மெட்சர்ஜ்_டியூட்டர்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

நாலாம் வருஷத்துப் பெண்ணே, மார்ஜின் பற்றிச் சொன்னது சுருக்கென்று இருந்தாலும் நியாயம். அடுத்த போஸ்டிங்கில் உன் சிவப்புப் பேனா முறையைத்தான் வைக்கப் போகிறேன். பிரிண்ட் நான் கொடுப்பேன், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று திருத்த வேண்டும், திருத்தியதில் இரண்டு வரியை நான் தொட்டு ஏன் அடித்தாய் என்று அங்கேயே கேட்பேன், மார்க் அதற்குத்தான். எழுதிய அழகுக்கு மார்க் கிடையாது. பிரின்சிபால் மேடத்திடம் இதை 'தடை' என்ற பெயரிலேயே விற்றுவிடலாம், வீட்டில் எழுதிக்கொண்டு வருவதே இருக்காதே.

டோஸ் கணக்குக்கு கோவை சிஸ்டரின் கட்டளையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வயல், ஆம்ப்யூல், செட் உறை மூன்றையும் மேஜையில் வைத்து எண்களைப் படித்து டைப் பண்ண விடுவேன். எக்லாம்ப்சியா நாடகத்தை ஓபிஜி டியூட்டரிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு யூரின் 60 மி.லி. பரீட்சைதான் ரொம்பப் பிடித்தது. கேஸ் ஷீட் போட்டோ விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நாளைக்கே நோட்டீஸ் போர்டில் ஏற்றுகிறேன்.

மேட்ரன் அம்மா, முதல் இரண்டு வருடம் கூடாது என்பதை முழுதாக ஏற்க முடியவில்லை, தமிழ் மீடியம் பிள்ளைகள் கண்ணுக்குள் நிற்கிறார்கள். ஆனால் அசெஸ்மென்ட் பகுதியைக் கையால், வார்டிலேயே, போன் இல்லாமல் எழுதி முடித்தபிறகுதான் பிரிண்ட் கையில் கொடுப்பேன், இது உங்களுக்காக.

ஒன்றே ஒன்று பாக்கி. வார்டுக்குள் போன் அனுமதிக்கலாமா? சில கல்லூரிகளில் டிரக் ஆப் பார்க்க விடுகிறார்கள் என்று கேள்வி.


ஐசியூ_கோவை:

வேண்டாம் மேடம். ஐசியூவில் நாங்கள் ஒரு டேப்லெட்டை நர்சிங் ஸ்டேஷனில் கேபிளோடு கட்டி வைத்திருக்கிறோம், அதில் எங்கள் மருத்துவமனை புரோட்டோகால் பிடிஎஃப்பும் டிரக் கைடும் மட்டும் திறக்கும், அதுவே போதுமானதாக இருக்கிறது. கையில் போன் இருந்தால் நோயாளியின் சொந்தக்காரர்கள் 'சிஸ்டர் வாட்ஸப் பார்க்கிறார்' என்று வீடியோ எடுப்பார்கள், அந்தத் தலைவலி வேறு. சாட்பாட் வேலையெல்லாம் டெமோ ரூமில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த 60 மி.லி. பரீட்சையை எங்கள் புது பேட்சுக்கும் வைக்கப் போகிறேன், லேபர்வார்டு அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.


லேபர்வார்டு_அக்கா:

தாராளமாக வையுங்கள். ஐசியூவுக்கென்றால் மேக்சல்ஃபை விட்டுவிட்டு, நேராக நரம்பில் ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய பொட்டாசியத்தை எடுங்கள்: 'டாக்டர் அவசரம் என்கிறார், ஆம்ப்யூலை நேராக ஐவி புஷ் பண்ணலாம்தானே' என்று மூன்று தடவை அழுத்திக் கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கேயே போடுங்கள்.